படையில் இருந்த இயற்கையியலாளரைத் தேடுவது எப்படி: கர்னல் பெடோமை முன்வைத்து ஒரு வழிகாட்டி

மேற்குத் தொடர்ச்சி மலையின் கேடயவால் பாம்புகளைப் பற்றியோ பெரணிகளைப் பற்றியோ படிக்கத் தொடங்கும் எவரும் சில பக்கங்களுக்குள் ரிச்சர்ட் ஹென்றி பெடோம் என்ற பெயரைச் சந்தித்துவிடுவார்கள். மண்ணுக்குள் வாழும் அந்தச் சிறு பாம்புகளில் பலவற்றை முதன்முதலாக விவரித்துப் பெயரிட்டவர் அவர். ஆனால் குறிப்பிட்ட ஒரு பாம்பு எந்த இடத்தில், எந்த ஆண்டில் பிடிபட்டது என்று கேட்டால், பெரும்பாலும் கிடைப்பது ஒரு மலையின் பழைய பெயரும், சில சமயம் அடிக்கணக்கில் ஓர் உயரமும்தான். நாளும் மாதமும் இருப்பதில்லை. அவர் சம்பளம் வாங்கியது படை அதிகாரியாகவும் வனத்துறை அதிகாரியாகவும்தான். இயற்கையியல் அவருடைய ஓய்வு நேரத்து ஈடுபாடு. ஆகவே அவர் எங்கே இருந்தார் என்பதற்கான சான்று பாம்பு கிடக்கும் கண்ணாடிப் புட்டியில் இருப்பதைவிட, பட்டாளத்தின் காகிதங்களிலும் அரசு அலுவலகக் கட்டுகளிலும்தான் அதிகம் இருக்கிறது.

இப்படிப்பட்ட ஒருவரின் வாழ்க்கையை முதன்முறையாகத் தேடப் புகுபவர்களுக்காக இதை எழுதுகிறேன். பெடோமை எடுத்துக்காட்டாக வைத்துக்கொண்டாலும், சென்னைப் படையின் மருத்துவராக இருந்து பறவைகளை ஆராய்ந்த டி. சி. ஜெர்டன், இலங்கையில் அரச பீரங்கிப் படையில் பணியாற்றிக்கொண்டே அத்தீவின் பறவைகளைப் பற்றிப் பெருநூல் எழுதிய வின்சென்ட் லெக் போன்றவர்களுக்கும் இதே வழி, சிறு மாறுதல்களுடன், பொருந்தும்.

முதல் வேலை: நான்கு பத்திகள் கொண்ட ஒரு நோட்டு

கணினியில் அட்டவணையாக வைத்தாலும் சரி, காகித நோட்டாக வைத்தாலும் சரி, நான்கு பத்திகள் போட்டுக்கொள்ளுங்கள்: தேதி, அவருடைய பதவி, இருந்த இடம், அதைச் சொல்லும் ஆவணம். நான்காவது பத்தியை நிரப்ப முடியாத எந்தச் செய்தியையும் மற்ற மூன்றில் எழுதாதீர்கள். இந்த ஒரு கட்டுப்பாட்டைக் கடைப்பிடித்தாலே பாதித் தவறுகள் நேராமல் போய்விடும்.

அடுத்து, வாழ்க்கையின் முக்கியத் தேதிகளை மட்டும் வரிசைப்படுத்தி ஓர் எலும்புக்கூட்டை அமையுங்கள். பெடோமைப் பொறுத்தவரை அது இப்படி அமையும். 1830ஆம் ஆண்டு மே 11 அன்று லண்டனை அடுத்த கிளாப்பமில் ஒரு வழக்கறிஞரின் மூத்த மகனாகப் பிறந்தார்; சார்ட்டர்ஹவுஸ் பள்ளியில் படித்தார்; சட்டத் தொழிலுக்குப் பழக்கப்பட்டும் அதை விட்டுவிட்டு, 1848இல் 18 வயதில் கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னைப் படையில் சேர்ந்தார்; 42ஆம் சென்னைச் சுதேசிக் காலாட்படையில் ஜபல்பூரில் குவாட்டர்மாஸ்டராகவும் (பட்டாளத்தின் தளவாடங்களைக் கவனிக்கும் அதிகாரி) மொழிபெயர்ப்பாளராகவும் இருந்தார்; 1856இல் செகந்தராபாத்திலிருந்து சென்னைக்கு வந்தார்; 1857இல், புதிதாக அமைந்த வனத்துறையில் மருத்துவர் ஹியூ கிளெக்ஹார்னின் உதவியாளர்களில் ஒருவரானார்; 1860 முதல் அத்துறையின் தலைமைப் பொறுப்பில் இருந்து 1882இல் ஓய்வுபெற்றார்; 1911ஆம் ஆண்டு பிப்ரவரி 23 அன்று லண்டனின் வாண்ட்ஸ்வொர்த்தில் காலமானார்.

இந்த எலும்புக்கூடு இரங்கல் குறிப்புகளிலிருந்தும் வாழ்க்கைக் குறிப்பு அகராதிகளிலிருந்தும் ஒரே நாளில் கிடைத்துவிடும். ஆனால் அதை முடிவாகக் கொள்ளாமல் சரிபார்க்க வேண்டிய பட்டியலாகவே கொள்ளுங்கள். ஓர் எடுத்துக்காட்டு: சுருக்கக் குறிப்புகள் 1860இல் அவர் கிளெக்ஹார்னுக்குப் பின் வந்தார் என்று ஒரே வரியில் முடித்துவிடும். ஆனால் கிளெக்ஹார்ன் 1860களின் தொடக்கத்தில் பஞ்சாபின் காடுகளை ஆராய அனுப்பப்பட்டிருந்தார். ஒருவர் வெளியூர் சென்றிருக்கும்போது அவருடைய இடத்தில் பொறுப்பு வகிப்பதும், அந்த இடத்துக்கே நியமனம் பெறுவதும் அரசுக் காகிதங்களில் வெவ்வேறு ஆணைகள். இரண்டையும் உங்கள் நோட்டில் வெவ்வேறு வரிகளாக எழுத வேண்டும்.

எந்தப் படை என்பதை முதலில் தெளிவுபடுத்துங்கள்

புதியவர்கள் மிக அதிகமாகத் தடுமாறும் இடம் இதுதான். 1860க்கு முன் இந்தியாவில் பிரிட்டிஷ் அதிகாரிகள் எல்லோரும் ஒரே படையில் இருக்கவில்லை. அரசியின் படை ஒன்று. கம்பெனியின் படை வேறு. கம்பெனிப் படையும் வங்காளம், சென்னை, பம்பாய் என மூன்று தனிப் படைகளாக இருந்தது. மருத்துவர்கள் இன்னொரு தனி வரிசை. ஒவ்வொன்றின் காகிதமும் வெவ்வேறு இடத்தில் கிடக்கிறது.

பெடோம் கம்பெனியின் சென்னைப் படையைச் சேர்ந்தவர்; ஆகவே அவருடைய காகிதங்கள் லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தில் உள்ள இந்திய அலுவலக ஆவணங்களில் இருக்கும். லெக் அரசியின் பீரங்கிப் படையைச் சேர்ந்தவர். ஆகவே அவரைத் தேட லண்டனின் கியூ பகுதியில் உள்ள பிரிட்டனின் தேசிய ஆவணக் காப்பகத்துக்குப் போய், போர் அலுவலக வரிசைகளைப் பார்க்க வேண்டும். ஜெர்டன் மருத்துவர், ஆகவே இந்திய மருத்துவப் பணியாளர்களின் பெயர்ப்பட்டியலிலிருந்து தொடங்க வேண்டும். ஒருவரை இன்னொருவரின் வரிசையில் தேடினால் பெயர் கிடைக்காது. கிடைக்காததைக் கண்டு, அவர் பணியாற்றவே இல்லை என்று முடிவு கட்டிவிடும் ஆபத்தும் உண்டு.

இந்திய அலுவலக ஆவணங்களில் இரண்டு வரிசைகளை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். எல்–மில்–9 என்ற வரிசையில், படையில் சேர விண்ணப்பித்த இளைஞர்களின் காகிதங்கள் உள்ளன. கம்பெனியின் இயக்குநர்களில் யார் அவரைப் பரிந்துரைத்தார், அவருடைய ஞானஸ்நானச் சான்று, படிப்புச் சான்று ஆகியவை அதில் ஒன்றாகக் கட்டப்பட்டிருக்கும். பிறந்த நாளையும் பெற்றோரையும் உறுதிசெய்ய இதைவிட நல்ல சான்று கிடைப்பது அரிது. 18 வயதுப் பையனின் எதிர்காலத்தை யாருடைய செல்வாக்கு நிர்ணயித்தது என்பதும் அங்கேதான் தெரியும். இரண்டாவது, என்–2 என்ற வரிசை. சென்னை மாகாணத்தின் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகியவற்றின் தேவாலயப் பதிவுகள் அதில் உள்ளன. என்–1 வங்காளம், என்–3 பம்பாய். திருமணம் எந்த ஊரில் நடந்தது, குழந்தைக்கு எந்த முகாமில் ஞானஸ்நானம் ஆயிற்று என்பவை, அதிகாரி அந்த நாளில் இருந்த இடத்தைச் சொல்லும் தேதியிட்ட சான்றுகள். அவற்றைக் குடும்பச் செய்தி என்று ஒதுக்கிவிடக் கூடாது. இவற்றில் பல கட்டண வம்சாவளித் தளங்களில் படங்களாகவே கிடைக்கின்றன.

படைப் பட்டியலைப் படிக்கும் முறை

அடுத்த படி, அச்சிட்ட படைப் பட்டியல்கள். கம்பெனி ஆட்சி முடியும்வரை கிழக்கிந்தியப் பதிவேடு என்ற பெயரிலும், பின்னர் வேறு பெயர்களிலும் அவை தொடர்ந்து அச்சாயின; சென்னைப் படைக்கெனத் தனிப் பட்டியலும் இருந்தது. பல ஆண்டுகளின் பிரதிகளை இணைய ஆவணக் களஞ்சியங்களில் இலவசமாகப் பார்க்கலாம். சென்னையில் கன்னிமாரா நூலகத்திலும் மெட்ராஸ் லிட்டரரி சொசைட்டியிலும் பழைய தொகுதிகளைக் கேட்டுப் பாருங்கள்.

ஒரு பட்டியலை மட்டும் பார்த்துவிட்டு நிறுத்தாதீர்கள். 1848 முதல் தொடங்கி ஆண்டுக்கு ஒன்றாக எடுத்து, அதே படைப்பிரிவின் பக்கத்தைத் திறந்து, அவர் பெயருக்கு எதிரே உள்ளதை அப்படியே பெயர்த்தெழுதுங்கள். பெயருக்கு எதிரே பதவியும் அந்தப் பதவி கிடைத்த தேதியும் இருக்கும். விடுப்பில் இருக்கிறாரா, படைப்பிரிவுக்கு வெளியே வேறு பணியில் இருக்கிறாரா என்பதும் சிறு குறிகளால் காட்டப்பட்டிருக்கும். பக்கத்தின் தலைப்பில் படைப்பிரிவு நிலைகொண்டிருந்த ஊர் இருக்கும். இங்கே ஓர் எச்சரிக்கை சொல்ல வேண்டும்: படைப்பிரிவு இருந்த ஊரில் அந்த அதிகாரியும் இருந்தார் என்று கொள்ளக் கூடாது. வனத்துறைக்குப் போன பிறகும் பெடோமின் பெயர் படைப் பட்டியலில் இருந்துகொண்டேதான் இருக்கும். அவர் காட்டில் இருப்பார்; அவருடைய பட்டாளம் எங்கோ ஒரு கண்டோன்மென்ட்டில் இருக்கும்.

மொழிபெயர்ப்பாளர் பதவியையும் கவனியுங்கள். சிப்பாய்களின் மொழியில் தேர்வு எழுதித் தேறியவர்களுக்கே அந்தப் பதவி கிடைத்தது. தேர்வு முடிவுகள் பொது ஆணைகளில் வெளியாயின. ஆகவே அந்த ஆணையைக் கண்டுபிடித்தால் இன்னொரு தேதியும் இன்னோர் இடமும் உங்கள் நோட்டில் சேரும். உள்ளூர் மக்களோடு பேசக்கூடிய ஓர் அதிகாரிதான் அவர்களிடமிருந்து பாம்பையும் செடியையும் பற்றிக் கேட்டறிந்திருக்க முடியும் என்பதால், இந்தச் சிறு செய்தியை நான் பெரிதாகவே மதிக்கிறேன்.

பதவியைக் கொண்டு தேதியைக் கணிப்பது

இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வதென்றால் இந்தப் பகுதியை வைத்துக்கொள்ளுங்கள். 1857 கிளர்ச்சிக்குப் பின் கம்பெனியின் படை அரசியின் கைக்கு மாறியபோது, மூன்று மாகாணங்களிலும் 1861இல் ஸ்டாஃப் கோர் என்ற அமைப்பு ஏற்படுத்தப்பட்டது. படைப்பிரிவுக்கு வெளியே, வனத்துறை, நில அளவை, காவல் போன்ற பணிகளில் இருந்த படை அதிகாரிகள் பலர் இதில் சேர்ந்தார்கள். இதில் பதவி உயர்வு காலியிடத்தைப் பொறுத்ததாக இல்லாமல் பணிக்காலத்தைப் பொறுத்ததாக இருந்தது: 12 ஆண்டு முடிந்தால் கேப்டன், 20 ஆண்டில் மேஜர், 26 ஆண்டில் லெப்டினன்ட் கர்னல், அதன் பின் 5 ஆண்டில் கர்னல். ஆகவே கர்னல் என்ற பட்டத்தைக் கண்டதும் அவர் ஒரு படைக்குத் தலைமை தாங்கிப் போரிட்டவர் என்று எழுதிவிடாதீர்கள். தேக்குக் காட்டைக் காத்துக்கொண்டே ஒருவர் கர்னலாக முடிந்தது.

இப்போது பெடோமின் நூல்களை எடுத்துக்கொள்வோம். தென்னிந்தியப் பெரணிகளைப் பற்றி 1863இல் வெளிவரத் தொடங்கிய நூலின் முகப்பில் அவர் கேப்டன். தென்னிந்திய மரங்களைப் பற்றி 1869 முதல் 1873 வரை வெளிவந்த நூலில் அவர் மேஜர். 1883இல் வெளிவந்த பெரணிக் கையேட்டில் அவர் கர்னல். 1848ஐ வைத்துக் கணக்குப் போடுங்கள்: 12 கூட்டினால் 1860, 20 கூட்டினால் 1868, 26 கூட்டினால் 1874, மேலும் 5 கூட்டினால் 1879. மூன்று முகப்புகளும் இந்தக் கணக்கோடு ஒத்துப்போகின்றன.

இதன் பயனைப் பாருங்கள். மாதிரியோடு இருக்கும், நாளே இல்லாத ஓர் அடையாளச் சீட்டில் கேப்டன் பெடோம் என்று எழுதியிருந்தால், அந்தச் சீட்டு ஏறத்தாழ 1860க்கும் 1868க்கும் இடையில் எழுதப்பட்டது என்று கருத இடமுண்டு. மேஜர் என்றிருந்தால் 1868க்கும் 1874க்கும் இடைப்பட்டது. இதைக் கருதுகோளாகவே வைத்துக்கொண்டு, படைப் பட்டியலில் பதவி உயர்வின் சரியான தேதியைக் கண்ட பிறகே உறுதிப்படுத்துங்கள். இரண்டு இடறல்களும் உண்டு. லெப்டினன்ட் கர்னலையும் மரியாதைக்காகக் கர்னல் என்றே அழைப்பார்கள். எனவே கர்னல் என்ற சொல் 1874க்குப் பின் எந்த ஆண்டையும் குறிக்கலாம். மேலும், அருங்காட்சியக எழுத்தர் பிற்காலத்தில் புதிய சீட்டு எழுதியிருந்தால், அப்போதைய பதவியை எழுதியிருப்பாரே தவிர, பாம்பு பிடிபட்ட நாளின் பதவியை எழுதியிருக்க மாட்டார். சீட்டின் கையெழுத்தையும் காகிதத்தையும் பார்க்காமல் அதிலுள்ள பட்டத்தை நம்பக் கூடாது.

எழும்பூர்க் கட்டுகள்

1857க்குப் பின் பெடோமின் உண்மையான நடமாட்டம் வனத்துறைக் காகிதங்களில்தான் இருக்கிறது. சென்னை எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகம், பழைய மாகாணத்தின் காகிதங்களைப் பாதுகாத்துவருகிறது. அடையாள அட்டையும், எதை எதற்காகத் தேடுகிறீர்கள் என்று விளக்கும் கடிதமும் எடுத்துச் செல்லுங்கள். மை பேனாவை வெளியே வைத்துவிட்டுப் பென்சில் கொண்டுபோங்கள். வனத்துறை என்ற தலைப்பில் மட்டும் தேடினால் பாதி கிடைக்காது; காடுகள் தொடர்பான பல விவகாரங்கள் வருவாய்த் துறையின் வழியாகவும் வருவாய் வாரியத்தின் நடவடிக்கைத் தொகுதிகள் வழியாகவும் போயின. முதலில் ஆண்டு வாரியான அகர வரிசைக் குறியீட்டுத் தொகுதியைக் கேட்டு வாங்கி, காடு, தேக்கு, ஆனைமலை, பெடோம், கிளெக்ஹார்ன் என ஒவ்வொரு சொல்லாகத் தேடி, அரசாணை எண்ணையும் நாளையும் குறித்துக்கொண்ட பிறகே மூலக் கட்டைக் கேளுங்கள். நேரடியாகக் கட்டைக் கேட்டால் நாள் முழுவதும் புரட்டி ஒன்றும் கிடைக்காமல் திரும்ப நேரும். என் முதல் வருகை அப்படித்தான் முடிந்தது.

ஆண்டு நிர்வாக அறிக்கைகளில் அந்த ஆண்டு எந்தெந்தக் காடுகள் பார்வையிடப்பட்டன என்று இருக்கும். ஆனால் எனக்கு அவற்றைவிடப் பயன்பட்டவை கடிதங்கள். ஒவ்வொரு அலுவல் கடிதத்தின் மேல் மூலையிலும் எழுதிய இடமும் நாளும் இருக்கும். சுற்றுப்பயணத்தில் இருக்கும் அதிகாரி, முகாம் என்று போட்டு அந்த ஊரின் பெயரை எழுதியிருப்பார். கடிதம் மூங்கில் விலையைப் பற்றியதாகவோ, ஒரு காவலரின் சம்பளத்தைப் பற்றியதாகவோ இருக்கலாம். உள்ளடக்கம் உங்களுக்குத் தேவையே இல்லை. மேல் மூலைதான் தேவை. ஒரே ஆண்டில் இப்படி முப்பது, நாற்பது மூலைகளைச் சேர்த்துவிட்டால், மனிதர் மலையேறிய வழியும் இறங்கிய வழியும் வரைபடத்தில் கோடாகத் தெரியத் தொடங்கும். சம்பளப் பட்டியல்களையும் செலவுக் கணக்குகளையும் தள்ளிவிடாதீர்கள். அந்த மலைகளில் வழி காட்டியவர்களும் சுமை தூக்கியவர்களும் பாம்பைத் தோண்டி எடுத்துக் கொடுத்தவர்களும் நூல்களில் பெரும்பாலும் பெயரின்றியே போய்விட்டார்கள். காடர், மலசர், முதுவர் போன்ற மலைவாழ் மக்களின் துணையில்லாமல் ஆனைமலையில் எந்த அதிகாரியும் நடமாடியிருக்க முடியாது. அவர்களில் ஒருவருடைய பெயர் எங்காவது இருக்குமானால், அது கூலி கொடுத்த ரசீதில்தான் இருக்கும். கண்ணில் பட்டால் கட்டாயம் எழுதி வையுங்கள்.

ஊர்ப் பெயர்கள்

இங்கே அவசரப்படாதீர்கள். பெடோமின் காலத்துச் சென்னை மாகாணம், இன்றைய ஆந்திரத்தின் பெரும்பகுதியையும் ஒடிசாவின் தென்பகுதியையும் கேரளத்தின் மலபாரையும் உள்ளடக்கியது. அவருடைய குறிப்புகளில் வரும் பெயர்களை இன்றைய வரைபடத்தில் நேரே தேடினால் பல இடங்களில் தவறான ஊருக்கே போய்ச் சேருவோம்.

கோல்கொண்டா மலைகள் என்று அவர் எழுதினால் ஹைதராபாத் கோட்டையை நினைக்காதீர்கள். அவர் சொல்வது விசாகப்பட்டினம் மாவட்டத்து மலைகள். இன்று காலிகொண்டா என்று வழங்கும் கிழக்குத் தொடர்ச்சி மலைப் பகுதி. ஜெய்ப்பூர் என்று வந்தால் அது ராஜஸ்தானின் தலைநகரம் அன்று. அப்போது விசாகப்பட்டினம் மாவட்டத்தில் சேர்ந்திருந்த, இன்று ஒடிசாவின் கோராபுட் மாவட்டத்தில் உள்ள ஜெய்ப்பூர் ஜமீன். கம்பம் என்று வந்தால் தேனி மாவட்டத்துக் கம்பமா, ஆந்திரத்தின் நல்லமலையை ஒட்டிய கம்பமா என்று பார்க்க வேண்டும். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே எழுத்துக்கூட்டல். நான் ஒரு பெரணிக்காகச் சில வாரங்கள் தவறான கம்பத்தில் தேடியிருக்கிறேன். அதே பக்கத்தில் அடுத்து வந்த ஊரின் பெயரைப் பார்த்த பிறகே தவறு புரிந்தது. ஆகவே ஒரு பெயரைத் தனியாகப் படிக்காமல், அதற்கு முன்னும் பின்னும் வரும் பெயர்களோடு சேர்த்துப் படியுங்கள்.

சில பெயர்கள் இருக்கின்றன, இடம்தான் மாறிவிட்டது. ஆனைமலைக் குறிப்புகளில் அடிக்கடி வரும் தூணக்கடவு, அக்காலத்தில் தேக்குக் காட்டு முகாம். இன்று அந்தப் பெயரில் பரம்பிக்குளம்–ஆழியாறு திட்டத்தின் அணையும் நீர்த்தேக்கமும் இருக்கின்றன. நிலம் கேரளத்தைச் சேர்ந்தது. சிவகிரி மலைப்பாதை என்பது அன்று திருநெல்வேலி மாவட்டம், இன்று தென்காசி மாவட்டம். இப்படி ஒவ்வொன்றுக்கும் அன்றைய மாவட்டம், இன்றைய மாவட்டம் என்று இரண்டு பெயர்களும் எழுதிவையுங்கள். 19ஆம் நூற்றாண்டின் மாவட்டக் கையேடுகளிலும் பழைய நில அளவை வரைபடங்களிலும் அக்கால எழுத்துக்கூட்டலைச் சரிபார்க்கலாம். தமிழ் அறிந்தவர்களுக்கு இங்கே ஒரு பெரும் வசதி உண்டு: ஆங்கில எழுத்தில் உருக்குலைந்து கிடக்கும் பெயரை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தாலே பல சமயம் ஊர் பிடிபட்டுவிடும்.

இடத்தைச் சரியாகக் கண்டுபிடிப்பது ஏட்டுப் பிழை திருத்தும் வேலை மட்டும் அன்று. ஜெய்ப்பூர் மலையில் ஏறத்தாழ 4,200 அடி உயரத்தில் பிடித்த ஒரு பல்லியைப் பெடோம் 1870களின் பிற்பகுதியில் விவரித்தார். அதற்குப் பின் 130 ஆண்டுகளுக்கும் மேலாக அதை யாரும் பார்த்ததாகப் பதிவு இல்லை. இந்த நூற்றாண்டில் ஆய்வாளர்கள் கிழக்குத் தொடர்ச்சி மலையில் தேடி அதை மறுபடியும் கண்டார்கள். கோல்கொண்டா மலையிலிருந்து 1870இல் அவர் விவரித்த ஓர் அரணை வகைக்கும் இதே கதைதான். எந்த மலைக்குப் போக வேண்டும் என்று தெரிந்திருந்ததால்தான் அது முடிந்தது.

மாதிரிகளும் பதிவெண்களும்

பெடோமின் செடிகள் லண்டனின் கியூ தாவரவியல் தோட்டத்திலும், அவர் சேகரித்த ஊர்வனவும் பிறவும் லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்திலும் உள்ளன. இணையத்தில் அவற்றின் பதிவுகளைப் பார்க்கலாம். அங்கே பாம்புகளின் பதிவெண் 74.4.29 என்று தொடங்குவதைக் காண்பீர்கள். அது 1874ஆம் ஆண்டு ஏப்ரல் 29 என்ற நாள். ஆனால் அது பாம்பு பிடிபட்ட நாள் அன்று. அருங்காட்சியகத்தின் பதிவேட்டில் ஏறிய நாள். பாம்பு அதற்குப் பல ஆண்டுகள் முன்பே பிடிபட்டிருக்கலாம். 83.1.12 என்பது 1883 ஜனவரி 12. அதாவது அவர் ஓய்வுபெற்று ஊர் திரும்பிய பின் ஒப்படைத்த தொகுதி. 1946.1 என்று தொடங்கும் எண்ணைக் கண்டு, பெடோம் இறந்து 35 ஆண்டுகளுக்குப் பின் எப்படி என்று குழம்ப வேண்டாம்: இரண்டாம் உலகப் போருக்குப் பின் மூல மாதிரிகள் (ஓர் இனத்தை முதலில் விவரிக்க அடிப்படையான மாதிரிகள்) பலவற்றுக்குப் புதிய எண் இடப்பட்டது. பழைய எண்ணையும் தேடி எழுதுங்கள். பதிவெண் தரும் நாள், மேல் எல்லை மட்டுமே: அந்த நாளுக்கு முன் பிடிபட்டது என்பதற்கு மேல் அது எதையும் சொல்லாது.

கீழ் எல்லையையும் மேல் எல்லையையும் நெருக்க, அவர் எழுதிய கட்டுரைகள் உதவும். ஊர்வனவற்றைப் பற்றிய அவருடைய குறிப்புகளில் பல, சென்னையில் வெளிவந்த மருத்துவ இதழ்களில் அச்சாயின. அவை இன்று மிக அரியவை. ஊர்வன ஆய்வாளர் மால்கம் ஸ்மித் 1940இல் அவற்றைத் திரட்டி மறுபதிப்புச் செய்ததால்தான் நாம் எளிதாகப் படிக்க முடிகிறது. இதழின் அட்டையில் உள்ள ஆண்டும் உண்மையில் அச்சாகி வெளிவந்த ஆண்டும் வேறுபடலாம் என்பதால், இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு பாம்பு 1863இல் அச்சில் விவரிக்கப்பட்டுவிட்டது என்றால், அது 1863இல் அல்லது அதற்கு முன் பிடிபட்டிருக்க வேண்டும். அவர் வனத்துறைக்கு வந்தது 1857 என்றால், இடையில் உள்ள சில ஆண்டுகளில் எப்போது அந்த மலையில் முகாமிட்டிருந்தார் என்பதை எழும்பூர்க் கடிதங்களின் மேல் மூலைகள் சொல்லும். மூன்று வகைச் சான்றும் ஒன்றாகச் சேரும் இடம் இதுதான்.

பெயர்க் குழப்பம் வராமல்

பெடோம் என்ற பெயரைக் கண்டவுடன் நம்மவர்தான் என்று நினைத்துவிடக் கூடாது. அதே காலத்தில் ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவில் சி. இ. பெடோம் என்ற இன்னொருவர் நத்தை ஓடுகளைச் சேகரித்துவந்தார். அவரையும் கேப்டன் என்றே அழைத்தார்கள். அங்குள்ள நன்னீர் நத்தைகளின் ஒரு பேரினம் அவர் பெயரால் வழங்குகிறது. நம் பெடோமும் நத்தைகளைச் சேகரித்தவர் என்பதால், இருவரின் ஓடுகளும் பெயர்களும் எளிதில் கலந்துவிடும். முதலெழுத்துகள், பதவி, நாடு மூன்றும் பொருந்தினால் மட்டுமே ஏற்றுக்கொள்ளுங்கள். அதேபோல் ஓர் உயிரினத்துக்கு அவர் பெயர் இடப்பட்டிருப்பதால் அதை அவரே விவரித்தார் என்றும் ஆகாது. திருப்பதி, கடப்பை மலைகளில் மட்டும் வளரும் ஒரு சைகஸ் (பனை போன்ற தோற்றமுள்ள தாவரம்) வகை அவர் பெயரைத் தாங்கியுள்ளது. அதற்கு 1883இல் பெயரிட்டவர் கியூவைச் சேர்ந்த திசல்டன் டயர்.

நோட்டு ஓரளவு நிரம்பியதும் ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் அதன் உறுதியைக் குறியுங்கள்: தேதியும் இடமும் கொண்ட மூல ஆவணம் இருக்கிறது, பதவியையோ பதிவெண்ணையோ கொண்டு கணித்தது, பிறர் சொன்னதை எடுத்தது என்று மூன்று நிலைகள் போதும். கணித்ததை மூல ஆவணம்போல் எழுதிவிட்டால், உங்களுக்குப் பின் வருபவர் அதை நம்பித் தவறான மலைக்கு ஏறுவார். ஒரு பழைய இடப்பெயரை உறுதியாகத் திருத்த முடிந்தால், அந்த மாதிரியை வைத்திருக்கும் அருங்காட்சியகத்தின் பொறுப்பாளருக்கு எழுதுங்கள்; மாதிரியின் பதிவெண், சீட்டில் உள்ள சொற்கள், நீங்கள் கண்ட ஆவணத்தின் எண்ணும் நாளும் ஆகியவற்றை ஒரே பக்கத்தில் அடக்கி, சீட்டின் படத்தையும் கடிதத்தின் மேல் மூலையின் படத்தையும் இணைத்து அனுப்புங்கள். பழைய சீட்டை அவர்கள் அகற்ற மாட்டார்கள். திருத்தம் ஏற்கப்பட்டால், அதன் அருகே இன்னொரு சீட்டாகச் சேர்த்து வைப்பார்கள்.